இடது பெடல்

“டேய் வேதகிரி, எறங்கிடுடா! பெடலு சுத்தமாட்டேங்குது, சத்தம் மட்டுந்தான் வருது!”

சைக்கிள் கடை கிதர் முகம்மது, கூடவே ஓடிக்கொண்டு கத்தினார். உத்திரமேரூர் சந்தைத் திடலில், ஊர் விழாவுக்கான இறங்காமல் சைக்கிள் சுற்றும் ஆட்டத்தில், போன வெள்ளிக்கிழமை வண்டியில் ஏறியவன் வேதகிரி. சாப்பாடு, குளியல், கண்ணயர்வது எல்லாம் அதன் மேலேயே. கால் தரையில் பட்டால் ஆட்டம் தீர்ந்தது. இன்று கடைசி நாள்.

“மாட்டேன் பாய். சாயங்காலம் ஊர்வலம் கீது, அதுவும் ஆட்டத்துல சேத்தி. அது முடியறவரைக்கும் கால் மண்ணுல படாது.”

“நம்மூருல எவனாவது கீறானான்னு சவால் வுட்ட திருமுக்கூடல்காரன் சுத்துன நாளத்தான் தாண்டிட்டியே! இன்னும் இன்னாடா பேஜாரு? மாலைய வாங்கிக்கினு வூட்ல போய்த் தூங்கு.”

“மாலை யாருக்கு வேணும்?” வேதகிரியின் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. “ஊர்வலம் பெரிய தெரு வழியாத்தான போவுது?”

“எப்பவும் அப்பிடித்தான். அதுக்கின்னா?”

வேதகிரி பெரிய தெரு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். பாய் அவன் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்தார்.

இரண்டு பேர் வண்டியைப் பின்னாலிருந்து தள்ள, வேதகிரி கால்களை ஹேண்டில்பார் மேல் தூக்கி வைத்துக்கொண்டான். பாய் பக்கத்திலேயே நடந்துகொண்டு திருகினார். மற்ற மரைகளெல்லாம் ஒரு பக்கம் திருகினால் கழலும் என்றால், இடது பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். பதற்றத்தில் தொழிலே மறந்துபோய், கழற்றுவதற்குப் பதில் இன்னும் இறுக்கிவிட்டார். தன்னையே திட்டிக்கொண்டு மாற்றித் திருகியதும் பெடல் கையோடு வந்தது.

உள்ளே மண்ணும் பழைய கிரீஸும் களியாய்க் கிடந்தன. பாய் திடல் நடுவில் உட்கார்ந்து, பெடலைச் சுழல வைக்கும் இரும்புக் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். புது கிரீஸ் அப்பினார். அதுவரை வேதகிரி வலது காலால் மட்டுமே மிதித்துச் சுற்றினான். ஒரு திருப்பத்தில் வண்டி சாய்ந்தது. இடது கால் தரையைத் தொடப் போனது.

“டேய், காலத் தூக்குடா!” மைக்கில் அலறினார் தாண்டவராயன். விழாத் தலைவர், பெரிய தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம். “ஊரு மானமே உன் கால்லதான்டா கீது!”

கால் எழும்பியது. வண்டி நிமிர்ந்தது. பாய் ஓடி வந்து பெடலை மாட்டினார். இப்போது அது சத்தமே இல்லாமல் சுழன்றது.

சாயங்காலம் மேளம் முழங்க ஊர்வலம் பெரிய தெருவுக்குள் திரும்பியது. கையில் மாலையோடு தாண்டவராயனே முன்னால் ஓடி வழி விலக்கினார்.

“ஒத்து, ஒத்து! அவன் கால் தரையில படக்கூடாது!”

சேரிக்காரன் எவனானாலும் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று அவரே கட்டளை போட்டிருந்த அந்தத் தெருவில், சேரியில் பிறந்த வேதகிரி நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்துக்கொண்டு போனான்.