கருகிய ஒயர்

ஷெட்டில் காருக்கு இப்போது இடமில்லை. அது நின்ற இடத்தில் அவன் மனைவியின் மரம் அறுக்கும் மெஷின் நிற்கிறது. இரண்டு வார வேலையின் தூள் அதன் மேல் மாவாய்ப் படிந்திருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறிய எலெக்ட்ரீஷியன் அக்கா சுவரில் உயரத்தில் இருக்கும் பிளக் பாயின்ட்டைக் கழற்றி, உள்ளே கிடக்கும் ஒயரை இழுக்கிறாள். அரை முழம் வருகிறது. மேலுறை உருகி, அது உரசிக் கிடந்த செங்கலும் கறுத்திருக்கிறது. கருகல் வாடை மெல்லக் கீழே இறங்குகிறது. “லைட்டுக்குப் போடற ஒயரு இது. இந்த மெஷினுக்கு எப்படித் தாங்கும்? எந்த மகராசன் போட்டது?” ஏணியைப் பிடித்திருக்கும் அவன் கறுத்த செங்கலையே பார்க்கிறான். “வீடு வாங்கும்போதே இருந்துச்சுக்கா,” என்கிறாள் மனைவி சட்டென்று, அவன் பக்கம் திரும்பாமல். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூக்கத்தில் ஒருமுறை சிணுங்கிவிட்டு அடங்குகிறது. தொட்டில் இந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. கதவிடுக்கு வெயிலில் மரத்தூள் மிதக்கிறது. “நான்தான் போட்டேன்,” என்கிறான் அவன். மேலே ஸ்க்ரூடிரைவர் அப்படியே நிற்கிறது. அக்கா அவனைக் குனிந்து பார்க்கிறாள். பிறகு ஒயரின் நுனியை அவனிடம் நீட்டுகிறாள். “அப்ப நீங்களே உருவுங்க.” மனைவி வந்து ஏணியைப் பிடித்துக்கொள்கிறாள். அவன் இழுக்கிறான். முழம் முழமாக வந்துகொண்டே இருக்கிறது.