பாலத்தடிக் காட்சி

கடையில் வேறு யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்ட பிறகுதான் ஸ்ரீஸ்கந்தராசா வாயைத் திறந்தார்.

“அந்தப் படம் கிடக்கோ, முதலாளி?”

கண்டி டவுனில் பளீலுடைய வீடியோக் கடையில் இல்லாத படமா? புத்தம் புதுசெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறான். இந்த மனுஷன் மட்டும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்து, தியேட்டருக்கு வந்த கிழமையே மண்ணைக் கவ்விய ஒரு பழைய படத்தைக் கேட்டு வாடகைக்கு வாங்கிப் போகிறார்.

“ஐயா, அந்தக் குப்பைய எத்தின தரம்தான் பாப்பீங்க? புதுசு வந்து ஈக்கிது, தரவா?”

“வேண்டாம். அதுதான் வேணும்.” குரல் இன்னும் தாழ்ந்தது. “அதை எனக்கு விலைக்குத் தருவீங்களோ?”

“விக்கிறதுக்கு இல்ல ஐயா,” என்று பட்டென்று சொல்லிவிட்டான் பளீல்.

ஊரே ஒதுக்கிய சரக்கை ஒருத்தர் விலைக்குக் கேட்கிறார் என்றால் சும்மாவா கேட்பார்? மடியில் கனம் இல்லாதவருக்கு இந்தத் திருட்டு முழி எதற்கு?

ஆள் யாழ்ப்பாணம், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். மாத்தளையில் வீடு, குடும்பம் என்று இருந்தவர். எல்லாம் எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக் கலவரத்தோடு போயிற்றாம். இப்போது வாடகை அறையில் தனிக்கட்டை. அறையில் உட்கார உருப்படியாக ஒரு கதிரை கூட இல்லையாம், டீவியும் வீடியோ டெக்கும் மட்டும் இருக்கிறதாம். எல்லாவற்றையும் இழந்தவன் எதற்கும் துணிவான் அல்லவா?

காலமும் நல்ல காலமா? கொழும்பில் குண்டு வெடித்ததிலிருந்து கண்டியிலும் தெருவுக்குத் தெரு சோதனை. படக் கசெட்டுக்கு நடுவில் ஆயுத இயக்கத்துச் சமாச்சாரம் இருந்ததென்று வத்தேகமப் பக்கம் ஒரு கடைக்காரனை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள் என்று கதை. போனவன் போனவன்தான்.

கசெட் திரும்பி வந்த அன்றே பளீல் அதை அக்குறணைக்கு, வீட்டுக்குக் கொண்டுபோனான். கதவைச் சாத்திவிட்டு, மனைவி ஆஸியா உம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஓடவிட்டான். இயக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை; படம் பாட்டுக்குப் படம் ஓடியது.

நடுவில் ஓரிடத்தில் மட்டும் திரை முழுக்கக் கோடு கோடாக நெளிந்தது. பளீல் நிமிர்ந்து உட்கார்ந்தான். தொழில்காரனுக்கு இது தெரியாதா? ஒரே இடத்தை நிறுத்தி நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி ஓட்டிப் பார்த்தால்தான் நாடா இப்படித் தேயும்.

கோடுகளுக்கு ஊடாகக் கதாநாயகியின் கார் ஒரு பாலத்தைக் கடந்து போனது. ஓரத்தில் சுற்றுலா வந்த, வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை காட்டினார்கள். கீழே மகாவலி ஓடியது.

“இது நம்மட பேராதனைப் பாலமல்லவா?” என்றாள் ஆஸியா உம்மா.

பளீல் டெக்கை நிறுத்தினான். “அதத்தான் நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்து ஈக்கிறாரு. குண்ட எங்க வெச்சா ஒடயும், எப்பிடிப் போகலாமெண்டு...”

“யா அல்லாஹ்! நாளைக்கு அது ஒடஞ்சிச்செண்டா கசெட் எந்தக் கடையிலண்டு தேடி வருவாங்களே. நாலு புள்ளைகளோட நான் நடுத்தெருவுல நிக்கவா? இப்பவே பொலிசுல சொல்லுங்க!”

“சொன்னா மொதல்ல என்னத்தான் உள்ளுக்குப் போடுவாங்க.”

“அப்ப அழிச்சிப் போடுங்க!”

அது பெரிய வேலை இல்லை. ஓடாத படத்துக்கு மேல் ஓடுகிற படத்தைப் பதிவது எல்லாக் கடைக்காரரும் செய்வதுதான். மறுநாள் கடைக்குப் போன கையோடு கசெட்டின் முதுகில் மறுபதிவைத் தடுப்பதற்கென்று இருந்த ஓட்டைக்கு செலோடேப்பை ஒட்டினான், டெக்கில் தள்ளினான், புதுப் படம் ஒன்றை முழுசாக ஏற்றினான். அன்றைக்குத்தான் அவனுக்குச் சோறு இறங்கியது.

சனிக்கிழமை ஸ்ரீஸ்கந்தராசா வந்தார்.

“அந்தப் படம்...”

“அது இல்ல ஐயா. அதுக்கு மேல வேற படம் அடிச்சாச்சு.”

“முழுக்கவோ?”

“முழுக்கத்தான்.”

“வேற கொப்பி ஒண்டு... எங்கயாவது?”

“தேடி வேலயில்ல. அந்தப் படம் செத்துப் போன படம். ஒருத்தருக்கிட்டயும் ஈக்காது.”

ஸ்ரீஸ்கந்தராசா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆள் வசமாக அகப்பட்டுக்கொண்டார் என்று பளீலுக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்துவிட்டது.

“எனக்கு எல்லாம் தெரியும் ஐயா. நீங்க நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்த எடமும் தெரியும். சொல்லுங்க, அந்தப் பாலத்துல உங்களுக்கு என்ன வேல?”

“பாலமோ?” அவர் விளங்காமல் பார்த்தார். “நான் பாலத்தைப் பாக்கேல்லை, முதலாளி. வீடு எரிஞ்சதில அவளின்ர ஒரு போட்டோவும் மிஞ்சேல்லை.”

“யாருட போட்டோ?”

“கை காட்டின பிள்ளையளில முன்னுக்கு நிண்டது என்ர மகள்.”