தலையணைக்குப் பழகணும்

"எம்மவ தலையணையில படுக்கவே மாட்டேங்குறா டாக்டர்," என்றாள் தாயில்பட்டியிலிருந்து வந்திருந்த முத்துச்செல்வி. மடியில் குழந்தை சிணுங்கியது.

"ரெண்டு வயசு தாண்டிருச்சுல்ல, வைக்கலாம். ஆனா சின்னதா, தட்டையா இருக்கணும். மூஞ்சி புதையிற மாதிரி மெத்துமெத்துன்னு வேண்டாம்."

"அப்படித்தான் வாங்கினேன். தூக்கி எறிஞ்சிட்டு, அப்பா கையிலதான் படுப்பேன்னு அழுகுறா."

டாக்டர் சிரித்தார். "அப்பா கையிலயே படுக்கட்டும்மா. மெல்லப் பழகிக்கலாம். இப்ப என்ன அவசரம்?"

முத்துச்செல்வி குழந்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்கு அவுகள மதுரை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்புறாக டாக்டர். பட்டாசு கம்பெனி விபத்துல ரெண்டு கையும் போயிருச்சு. இவ போயி பக்கத்துல படுத்துக்கிட்டு கையக் கேட்டா, அவுக என்ன செய்வாக?"