குழாயில் சந்தனம்

இறங்கும்போது வேகமுள் குறைத்துக் காட்டியது. அதை நம்பி வேகத்தைக் கூட்டிய கேசவன், சின்ன விமானத்தோடு ஓடுபாதையைத் தாண்டிப் போய் வேலியில் மோதினான். கால் முறிந்தது. இறக்கைக்கு அடியில், காற்றை வாங்கி வேகத்தை அளக்கிற விரல் பருமன் குழாயின் வாயைக் காய்ந்த சந்தனம் அடைத்திருந்ததாக, விசாரணைக்கு வந்த அதிகாரி ஆஸ்பத்திரியில் சொன்னார். விபத்துக்கு முந்தின நாள் ஆயுதபூஜை. விமானம் முழுக்கப் பொட்டு இருந்ததால் கிளம்பும்போது அவன் அதைத் தனியாகக் கவனிக்கவில்லை.

“மெக்கானிக் தனசேகர்தான் சார். அவனுக்கு என்னைக் கண்டா ஆகாது.”

“அவர் பூஜை அன்னிக்கு லீவு,” என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

கட்டிலருகே சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த மனைவி மாலினி நிமிரவே இல்லை. எத்தனை கூப்பிட்டும் வராதவள், இந்த வருஷம் தானாகவே பூஜைக்கு வந்தாள். “இதுல எதுங்க ரொம்ப முக்கியம்?” என்று கேட்டாள். அவன் பெருமையோடு அந்தக் குழாயைத்தான் காட்டினான். “இது அடைச்சா ஆள் காலி” என்றும் சொன்னான்.

“நீயா வெச்ச?”

“முக்கியம்னு நீங்கதானே காட்டினீங்க?”

மாலினி கையைத் துடைத்துக்கொண்டு விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தாள். விரல் அவன் நெற்றிக்கு வந்தது.

“கண்ண மூடிக்கங்க.”

கேசவன் மூடவில்லை.