கேசோவின் கட்டிலுக்கு மேலே

மறுபடியும் மகனுடைய கட்டில் தொப்பலாக நனைந்து கிடந்தது. விபியா விடுவிடுவென்று புருஷனிடம் வந்தாள்.

"ஏங்க, இந்தக் கூரைக்கு ஒரு வழி பண்ணுவீங்களா, மாட்டீங்களா?"

நுமேரியுஸ் கூழைக் குடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அந்த ரூம்ல இப்போ யாரு படுக்கறாங்க? நனைஞ்சா காஞ்சுட்டுப் போகுது. இருக்கறது போதும்னு இருக்கப் பழகு விபியா. சந்தோஷம் அதுலதான் இருக்கு."

யார் படுக்கிறார்களாம். பெற்றவர் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

கேசோவின் கட்டில் அது. எகிப்துக்குக் கோதுமை ஏற்றிவரக் கப்பலில் போன பிள்ளை. கப்பல் கவிழ்ந்ததென்று சேதி வந்தது, உடம்பு வரவில்லை. பிள்ளையின் ஆவி அலையக் கூடாதே என்று விபியாதான் அடம்பிடித்து, ஊருக்கு வெளியே வெறும் சமாதி ஒன்று கட்டவைத்து, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கருமாதியை முடித்தாள். அன்றைக்கும் நுமேரியுஸ் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஓஸ்தியா துறைமுகமே அதை மெச்சியது. அவருடைய விளக்குக் கடைக்கு வருகிறவர்கள், "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும். நம்ம ரோமாபுரி ஞானிங்க சொன்ன தைரியம் இதுதான்" என்பார்கள். இவரும் விளக்கைத் துடைத்தபடியே, "நம்ம கையில இல்லாததுக்கு அழுது என்ன ஆகப்போகுது?" என்பார்.

கேட்கக் கேட்க அவளுக்கு ஆத்திரமாக வரும். ஒரே ஒரு நாள் கூட உட்கார்ந்து அழுதிருந்தால் போதுமே. துறைமுகத்தில் கப்பல் வந்த சத்தம் கேட்டால் இன்னமும் அவள்தான் வாசலுக்கு ஓடுகிறாள். தேன் ரொட்டி சுட்டால் கை தானாகக் கேசோவுக்கும் சேர்த்துச் சுட்டுவிடும். நுமேரியுஸ் அதையும் எடுத்துத் தின்றுவிட்டு, "நல்லாயிருக்கு" என்பார். என்ன ஜென்மமோ.

"சொல்றதை நல்லா கேட்டுக்கோங்க. இன்னிக்கு ஓடு வேயறவரை வரச் சொல்லியிருக்கேன். அவரை மேல ஏறவிடலேன்னா, சாவிக்கொத்தை உங்க கையில கொடுத்துட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

பெண்டாட்டி சாவியைத் திருப்பிக் கொடுத்தால் அத்தோடு கல்யாணம் முறிந்தது. நுமேரியுஸ் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வேண்டாம் விபியா. அந்த ஆளை அனுப்பிடு. வேற எது வேணும்னாலும் கேளு."

"கேக்கறதுக்கு எனக்கு வேற என்ன மிச்சம் இருக்கு? அவன் படுத்த இடம் ஒண்ணுதான். அதையும் மழையில ஊறவிட்டு அழுக வைக்கறீங்க. நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

அவர் அன்றைக்குக் கடைக்குக் கிளம்பவில்லை.

ஓடு வேய்கிற ஹிலாருஸ் ஏணியோடு வந்து சேர்ந்தார். அடிமையாக இருந்து விடுதலையான பெரியவர். கொஞ்சம் வாய்த்துடுக்கு.

"ஊருக்கே புத்தி சொல்ற வீடு. கூரைக்கு யாரும் சொல்லலை போலிருக்கே அம்மா" என்று சீண்டியபடியே மேலே ஏறினார்.

விபியா கேசோவின் அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஓடு நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தமும் நின்றது.

"என்ன ஆச்சு அண்ணே? நிறைய உடைஞ்சிருக்கா?"

ஓடுகளை ஒதுக்கிக்கொண்டு ஹிலாருஸின் தலை உள்ளே எட்டிப் பார்த்தது.

"ஒண்ணுகூட உடையலைம்மா. இந்த இடத்துல மட்டும் பூச்சைச் சுரண்டிட்டு, ஓடுகளைச் சும்மா மேல வெச்சிருக்காங்க. விரலால தள்ளினா நகருது. ஒரு ஆள் இறங்கலாம். பிடிச்சு இறங்கக் கயிறுகூடக் கட்டி வெச்சிருக்கு. எவனோ திருட்டுப்பய வேலை. நான் இறுக்கிப் பூசிடறேன், கவலைப்படாதீங்க."

"பூச வேண்டாம்."

நுமேரியுஸ் கதவோரம் நின்றிருந்தார். அவர் முகத்தை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

"நான்தான் கழட்டினேன்" என்றார். "நாமதான் அவனுக்குக் கருமாதி பண்ணிட்டோமே விபியா. செத்துட்டான்னு சடங்கு முடிச்ச ஆள் உசிரோட திரும்பி வந்தா, நம்ம வழக்கப்படி வாசப்படி மிதிக்கக் கூடாதே. கூரை வழியாத்தானே உள்ள இறங்கணும். நாம தூங்கறப்போ வந்து, வழியில்லைன்னு பிள்ளை திரும்பிப் போயிட்டான்னா? குதிச்சாலும் கால்ல அடிபடக் கூடாதுன்னுதான் கட்டிலுக்கு மேலேயே..."

ஊர் மெச்சிய தைரியசாலி, ஈர மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

விபியா அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளும் அழுதாள். மேலே ஹிலாருஸ் என்ன செய்வதென்று தெரியாமல் காத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, பக்கத்து ஓடுங்களையும் கொஞ்சம் தளர்த்தி விட்டுடுங்க. என் பிள்ளைக்குத் தோள் அகலம்."