ஒரு சொட்டும் விடாத ரப்பர்

ஏரிக்கரையில் வீடுபோல ஒரு வேன் நின்றிருந்தது. அதன் ஒரு பக்கத்தில், மேசை டிராயர் மாதிரி வெளியே இழுத்து உள்ளே தள்ளுகிற சின்ன அறை. அந்த அறையைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை வெடித்து, மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் கசிந்து, தரைப்பலகை ஊறிப்போயிருந்தது.

மழை விட்ட அன்றே வேன்காரர் புது ரப்பர் ஒட்டினார். ஈரப் பலகைமேல் கம்பளத்தை விரித்தார்.

"இனிமே ஒரு சொட்டுத் தண்ணி வராது. நான் இருக்கேன்ல," என்றது ரப்பர்.

"கொஞ்சம் வெயில் காஞ்சிட்டு வரேனே, அண்ணே. எனக்குள்ள இன்னும் மழை விடல," என்றது பலகை.

"மேலேருந்து பாத்தா ஒண்ணும் தெரியலையே," என்றது கம்பளம்.

பலகை கண்ணை மூடிக்கொண்டது. கனவில் அது மறுபடியும் மரமானது. வேரிலிருந்து ஈரம் ஏறியது. உடம்பெல்லாம் குறுகுறுவென்று என்னவோ முளைத்தது. "துளிர் விடுறேன்," என்று தூக்கத்திலேயே சிரித்தது.

அடுத்த மழை கொட்டித் தீர்த்தது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் வரவில்லை.

"பலகை, பாத்தியா என் காவலை?" என்று கூப்பிட்டது ரப்பர்.

பலகை மக்கிப்போயிருந்தது. கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக் காளான் எட்டிப் பார்த்தது.

"பிரமாதம் அண்ணே! ஒரு சொட்டுகூட வெளியே போகல."