குறைத்துக்கொண்ட கிதார்

1981, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட். பழைய கத்திப் பட்டறையின் மாடியில் பாட்டுப் பதிவு நடக்கிறது. கரி படிந்த சன்னல் வழியே வரும் மத்தியான வெளிச்சம், புதிதாய்ச் சேர்ந்த லோர்னாவின் சிந்தசைசர் கீபோர்டின்மேல் விழுகிறது. சுவரோரம் கிதாரோடு நிற்கும் கிளைவ்தான் இசைக்குழுவை ஆரம்பித்த நால்வரில் மிஞ்சியவன். “காலம் மாறுது, நம்ம சத்தமும் மாறணும்” என்று சொல்லி, டிரம்ஸ் வாசித்த மால்கமைப் போன மாதம் வெளியே அனுப்பியவனும் அவனே. மால்கமின் இடத்தில் டிரம்ஸ் ஒலி எழுப்பும் ஒரு சின்னப் பெட்டி களைப்பே இல்லாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. “கோச்சுக்காத கிளைவ், கொஞ்சம் குறைச்சுக்கிறியா?” என்கிறாள் லோர்னா. அவன் கிதாரின் ஒலிக் குமிழைத் திருகுகிறான். “இன்னும் கொஞ்சம்.” மறுபடி திருகுகிறான். இரும்பை ரம்பம் அறுப்பதுபோல் கத்திய கிதார் அது. கச்சேரிகளில் காதைப் பொத்திக்கொண்டே கூட்டம் ஆடும். இப்போது கம்பியில் விரல் உரசுவது அவனுக்கு மட்டும் கேட்கிறது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் நெவில் கட்டைவிரலை உயர்த்துகிறார். “அருமை. நீ கேட்ட சத்தம் இதுதானேப்பா? கிதார் மைக்கைக் கழட்டிரவா?” கிளைவ் லோர்னாவைப் பார்க்கிறான். அவள் தன் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். “கழட்டிருங்க” என்கிறான். பெட்டி மறுபடி தட்டத் தொடங்குகிறது. யாருக்கும் கேட்காத கிதாரை, ஒரு சுரம் பிசகாமல், பாட்டு முடியும்வரை அவன் வாசிக்கிறான்.